பறித்த கையும் மறுத்த கையும்

பம்பாய் நகரத்துச் செம்பூரில் மே மாதம் 14-ஆம் நாள் தமிழன்பர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



பசிபிக் மகாசமுத்திரத்தில் உள்ள ஃபிஜித் தீவுகளின் சரித்திரத்தில் இன்றைய தேதி இரண்டு முறை ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1879-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், ‘லியோனிடாஸ்’ என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளின் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அத்தீவுகளை அடைந்தது. சரியாக 108 ஆண்டுகளுக்குப் பின், 1987-ஆம் ஆண்டு அதே மே 14-ஆம் நாள் காலை பத்து மணிக்கு, சுவா நகரத்துப் பாராளுமன்ற மண்டபத்துக்குள் முகமூடி அணிந்த பத்துச் சிப்பாய்கள் புகுந்து, ஜனங்கள் வாக்களித்து அமைத்த அரசாங்கத்தை, அதன் பிரதம மந்திரியோடும் ஆளுங்கட்சி அங்கத்தினர்களோடும் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். துப்பாக்கி முனையில் ஓர் அரசாங்கம் கவிழ்க்கப்பட்டால் அந்நாட்டு ஜனங்கள் எதைக்கொண்டு எதிர்க்க முடியும்? அந்நிய நாடுகள் அதில் எவ்வளவு தூரம் தலையிடலாம்? இவ்விரண்டு கேள்விகளையும் ஃபிஜியின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே என் இன்றைய நோக்கம்.

ஃபிஜியின் கதை நமக்கு அந்நியமான கதையன்று. 1879 முதல் 1916 வரை அங்கே கொண்டுசெல்லப்பட்ட அறுபதாயிரத்துக்கும் அதிகமான கூலிகளில் ஏறக்குறைய கால் பங்கினர் 1903-ஆம் ஆண்டுக்குப் பின் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, தஞ்சை, கோயம்புத்தூர், மலபார், விசாகப்பட்டினம் என்று தென்னாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் திரட்டப்பட்டவர்கள். ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடலில் பாரதியார் நினைத்துக் கலங்கியது இத்தோட்டங்களில் உழன்ற பெண்களைத்தான். 1920-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அந்தக் கொடிய ஒப்பந்த முறை ஒழிந்த பிறகு, எஞ்சிய ஜனங்கள் அங்கேயே குத்தகை நிலத்தில் கரும்பு பயிரிட்டு, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் வைத்து, ஒரு சமுதாயமாக வேரூன்றினார்கள். 1926-இல் சாது குப்புசாமி ஸ்தாபித்த தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், நாந்தி நகரத்துச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் பல பள்ளிக்கூடங்களையும் இன்றளவும் பரிபாலித்து வருகிறது. அந்தப் பள்ளிக்கூடங்களில் ஃபிஜியின் ஆதிகுடிகளான தவுக்கேய் மக்களின் குழந்தைகளும் நம்மவர் குழந்தைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்திருக்கிறார்கள்.

இந்த ஜனங்கள் எதிர்ப்பு என்னும் வித்தையை 1987-இல் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1920-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சுவா நகரத்தில் இந்தியத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை அடக்க நியூசிலாந்திலிருந்து ஆயுதமேந்திய சிப்பாய்கள் வந்திறங்கினார்கள். ஃபிஜி இந்தியர்களின் வக்கீலாக விளங்கிய மணிலால் டாக்டரும் அவருடைய மனைவியாரும் அப்போராட்டத்தின் விளைவாகத் தீவைவிட்டு நீங்க நேர்ந்தது. அந்த மணிலால் டாக்டர் தம் இறுதி நாட்களைக் கழித்து 1956-இல் காலமானது இந்தப் பம்பாய் நகரத்தில்தான் என்பதை இங்குள்ள அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் 1943-இல், யுத்த காலத்தில், கரும்புக்கு நியாயமான விலை கிடைக்காதவரை வெட்ட மாட்டோம் என்று குடியானவர்கள் மாதக்கணக்கில் உறுதியாக நின்றார்கள்; அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் ஏ. டி. படேல் என்னும் வக்கீலும், முன் சொன்ன தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் அழைப்பை ஏற்று ஃபிஜிக்கு வந்து சேர்ந்திருந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவியான சுவாமி ருத்ரானந்தரும் ஆவர். ஆயுதமில்லாத குடியானவனுடைய பலம் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஜனங்கள் இவ்வாறு இரண்டு தலைமுறைகளுக்கு முன்பே கண்டறிந்திருந்தார்கள்: தன் உழைப்பைத் தருவதும் தராமலிருப்பதும் தன் வசத்தில் உள்ளவரை அவன் முற்றிலும் அடிமையாகிவிடுவதில்லை.

இனி 1987-க்கு வருவோம். 1970-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சுதந்திரமடைந்த ஃபிஜியில், பதினேழு ஆண்டுகள் பிரதம மந்திரியாக இருந்தவர் ராத்து காமிசேசே மாரா. 1987 ஏப்ரல் தேர்தலில், தொழிற்சங்கங்கள் 1985-இல் தோற்றுவித்த தொழிற் கட்சியும், பெரும்பாலும் இந்தியக் குடியானவர்களின் ஆதரவைப் பெற்ற தேசியக் கூட்டமைப்புக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து, 52 ஸ்தானங்களில் 28-ஐ வென்றன. பிரதம மந்திரியான டாக்டர் திமோதி பவாந்த்ரா தவுக்கேய் இனத்தவர். விட்டி லெவு தீவின் மேற்கிலுள்ள கிராமமொன்றில் பிறந்து, வைத்தியராகவும் அரசாங்க ஊழியர் சங்கத் தலைவராகவும் தொண்டு செய்தவர். ஆயினும் அவருடைய மந்திரிசபையில் இந்தியர்கள் சம அளவில் இடம்பெற்றதைக் காட்டி, ஆதிகுடிகளின் நிலம் பறிபோகப்போகிறது என்ற பயம் ஊரூராகப் பரப்பப்பட்டது. நிலமோ பறிபோகக்கூடிய நிலையிலேயே இருக்கவில்லை. தீவுகளின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தவுக்கேய் குலங்களின் பொதுச் சொத்தாக, எவராலும் விற்கவோ வாங்கவோ முடியாதபடி சட்டத்தால் காக்கப்பட்டிருந்தது. பயத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும் அதை உபயோகித்துக்கொள்ளத் தயாராக ஆட்கள் இருந்தார்கள். பதவியேற்ற ஏறக்குறைய ஒரு மாதத்தில், ராணுவத்தில் மூன்றாம் ஸ்தானத்திலிருந்த லெப்டினன்ட் கர்னல் சிதிவேனி ரபூக்கா அந்த அரசாங்கத்தைக் கவிழ்த்தார்.

அந்நியர்கள் என்ன செய்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். ஆஸ்திரேலியா தன் போர்க்கப்பல்களை ஃபிஜியை நோக்கி அனுப்பியது. அவற்றில் ஏற்றப்பட்ட படைப்பகுதியின் நோக்கம், அவசியம் நேர்ந்தால் ஆஸ்திரேலியப் பிரஜைகளை மீட்டு வருவது என்பதோடு முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் மகாராணியாரே ஃபிஜியின் ராணியாகவும் இருந்த காலம் அது. ஆகவே கவிழ்க்கப்பட்ட பிரதம மந்திரி பவாந்த்ரா நியாயம் கேட்டு லண்டனுக்குச் சென்றார். அங்கே மகாராணியாரின் தரிசனம் அவருக்குக் கிட்டவில்லை. மகாராணியாரின் காரியதரிசியைச் சந்தித்ததோடு திரும்ப நேர்ந்தது. ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்கத் தூதர் வெர்னன் வால்டர்ஸ் ஃபிஜிக்கு வந்துபோனதையும், அணு ஆயுதக் கப்பல்களைத் துறைமுகத்தில் அனுமதிப்பதில்லை என்று புதிய அரசாங்கம் கொண்டிருந்த கொள்கையையும் இணைத்துப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். சான்றில்லாத சந்தேகத்தின்மேல் என் வாதத்தைக் கட்ட நான் விரும்பவில்லை. வெளிப்படையாக நிகழ்ந்ததே போதும்: அரசாங்கங்கள் கண்டித்தன, கவலை தெரிவித்தன, தத்தம் நாட்டினரின் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டன, சிறிது காலத்துக்குள் பிரான்சு புதிய ஆட்சிக்கு நிதியுதவியும் அளித்தது.

அரசாங்கங்கள் செய்யத் தயங்கியதைச் சாமானிய மனிதர்கள் செய்தார்கள். அதுவே இந்தச் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. கரும்பு முற்றி வெட்டுக்குத் தயாராக நின்ற பருவத்தில், ஃபிஜியின் குடியானவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். சர்க்கரையே அந்நாட்டின் பிரதானமான ஏற்றுமதி. கரும்பு வயலில் நிற்குமானால் ஆலையின் சக்கரம் நிற்கும், ஆலை நின்றால் கஜானா வறண்டுபோகும், கஜானா வறண்டால் துப்பாக்கி பிடித்தவனுக்குச் சம்பளம் கொடுப்பதும் கடினமாகும் என்பதை அவர்கள் எந்தப் பொருளாதார நூலையும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் துறைமுகத் தொழிலாளர்கள், ஃபிஜிக்குப் போகும் சரக்கைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஃபிஜியைக் கண்ணால் கண்டிராதவர்கள். இந்தியரோடு ரத்த சம்பந்தமோ, மத சம்பந்தமோ, பாஷை சம்பந்தமோ இல்லாதவர்கள். தொழிற்சங்கத்தாரின் அரசாங்கம் ஒன்று துப்பாக்கியால் கவிழ்க்கப்பட்டது என்ற ஒரே காரணம் அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அவ்வாண்டிலேயே ஃபிஜி டாலரின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1973 செப்டம்பர் 11-ஆம் நாள் சிலி நாட்டில் சால்வடோர் அயெந்தேயின் அரசாங்கத்தை ராணுவம் கவிழ்த்தபோது, ஜனாதிபதியின் மாளிகைமேல் குண்டு பொழிந்தவை ஹாக்கர் ஹன்டர் விமானங்கள். அவ்விமானங்களின் என்ஜின்கள் பழுதுபார்ப்புக்காக ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் ஊரிலிருந்த ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலைக்கு வந்தபோது, அங்கிருந்த தொழிலாளர்கள் 1974-இல் அவற்றைத் தொடுவதற்கு மறுத்துவிட்டார்கள். அந்த என்ஜின்கள் ஆண்டுக்கணக்கில் தொழிற்சாலை முற்றத்தில் கிடந்தன. நம் தேசமும் இந்த மார்க்கத்தில் முன் நடந்த தேசமே; நிறவெறியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்ய மாட்டோம் என்று 1946-இலேயே முதன்முதலில் மறுத்த நாடு இந்தியா. அந்த மரபுக்கேற்பவே 1987-க்குப் பின் ஃபிஜியோடு இந்தியா வர்த்தக உறவைத் துண்டித்தது. காமன்வெல்த் சபையில் அதற்கு மறுபடி இடம் தரலாகாது என்று வற்புறுத்தியது. 1990-இல் சுவாவிலிருந்த இந்தியத் தூதரகம் மூடப்படும் நிலை ஏற்பட்டபோதும் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

படை அனுப்பினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1988 நவம்பரில் மாலத்தீவில் இலங்கையிலிருந்து வந்த ஆயுதக் கூட்டமொன்றின் துணையோடு அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சிலர் முயன்றபோது, இந்தியப் படைகள் சில மணி நேரத்துக்குள் விமானத்தில் சென்று இறங்கி அம்முயற்சியை முறியடித்தன என்பது மெய்யே. ஆனால் அங்கே சட்டப்படியான ஜனாதிபதி தாமே உதவி கேட்டார், கவிழ்ப்பு முற்றுப்பெறவுமில்லை, கவிழ்க்க வந்தவர்களுக்கு ஜனங்களின் ஆதரவும் இல்லை. ஃபிஜியில் நிலைமை அடியோடு வேறு. தவுக்கேய் மக்களில் பெரும்பகுதியினர், நியாயமோ அநியாயமோ, ரபூக்காவைத் தங்கள் ரட்சகராக நம்பியிருந்தார்கள். அந்த நிலையில் இந்தியப் படையொன்று கரையிறங்கியிருந்தால், இந்தியர்கள் தீவைப் பறிக்க வந்தவர்கள் என்று ரபூக்காவின் ஆட்கள் சொல்லிவந்த பொய்யை ஒரே நாளில் நாமே மெய்யாக்கிக் காட்டியிருப்போம். அதன் பழி கரும்புக் காட்டின் நடுவே தனித்திருந்த ஒவ்வொரு குடியானவனுடைய வீட்டின்மேலும் விழுந்திருக்கும்.

ஆகவே என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்சியைப் பறித்தவனிடமிருந்து எதையும் வாங்காமலும், அவனுக்கு எதையும் விற்காமலும், அவனுடைய பதவியை அங்கீகரிக்காமலும் இருப்பது, அந்நியனுக்கு உரிய தலையீடு. அது உள்நாட்டு ஜனங்களின் கைக்குப் பலம் சேர்க்கிறது. அவர்களுக்குப் பதிலாகத் தானே போரிடக் கிளம்புவது, அவர்கள் கையிலிருந்த போராட்டத்தையும் பறித்துக்கொள்வதாக முடிகிறது.

இந்த மறுப்பு ஏன் முழு வெற்றி பெறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடியானவர்களுக்குக் கடன் இருந்தது; குத்தகைப் பணம் கட்ட வேண்டியிருந்தது; வெட்டாத கரும்பு வயலில் காய்ந்துகொண்டிருந்தது; ராணுவத்தின் மிரட்டலும் இருந்தது. சில வாரங்கள் தாமதமானபின் வெட்டு தொடங்கியது. வெட்டிய கரும்பில் விளைந்த சர்க்கரையை ஐரோப்பா தன் உடன்படிக்கைப்படி நல்ல விலைக்குத் தொடர்ந்து வாங்கிக்கொண்டது. அந்நியத் துறைமுகங்களின் தடையும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. மறுப்பவர்கள் பலராகவும் வாங்குபவர்கள் சிலராகவும் இருந்தால் மட்டுமே மறுப்புக்குப் பலம் உண்டு; அன்று வாங்குபவர்களே பலராயிருந்தார்கள். செப்டம்பர் 23-ஆம் நாள், பவாந்த்ராவின் தரப்பாரும் மாராவின் தரப்பாரும் சேர்ந்து காபந்து அரசாங்கம் அமைப்பதென்று தியூபாவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதை அறிந்த ரபூக்கா இரண்டே நாளில், செப்டம்பர் 25-இல், மறுபடியும் ஆட்சியைப் பறித்து, அக்டோபரில் ஃபிஜியைக் குடியரசாகப் பிரகடனம் செய்தார். 1990-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் 70 ஸ்தானங்களில் 37-ஐ ஆதிகுடிகளுக்கென்று ஒதுக்கி, பிரதம மந்திரி பதவியையும் அவர்களுக்கே உரியதாக்கியது. பவாந்த்ரா அதைக் காண உயிரோடில்லை. 1989 நவம்பரில் காலமாகிவிட்டார். படித்தவர்களும் கைத்தொழில் அறிந்தவர்களுமான இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் பெயர்ந்தார்கள். 1986-ஆம் ஆண்டு ஜனத்தொகையில் 48.7 சதவீதமாயிருந்த இந்தியர்கள் 2007-இல் 37.5 சதவீதமாகக் குறைந்தார்கள். கப்பலில் வந்தவர்களின் பேரன்மார் விமானத்தில் இரண்டாம் முறை புலம்பெயர்ந்த சோகம் இது.

காலம் சிறிது மாறி, பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 1997-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்கீழ், 1999 மே 19-ஆம் நாள் மகேந்திர சௌத்ரி ஃபிஜியின் முதல் இந்தியப் பிரதம மந்திரியானார். சரியாக ஓராண்டு நிறைந்த அன்று, 2000 மே 19-ஆம் நாள், ஜார்ஜ் ஸ்பெய்ட் என்பவர் ஆயுதக் கும்பலோடு பாராளுமன்றத்தில் புகுந்து, சௌத்ரியையும் மற்றவர்களையும் 56 நாட்கள் பிணையாளிகளாக வைத்திருந்தார். அந்நாட்களில் முவானிவேனிப் பகுதியில் இந்தியர்களின் வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. அவர்கள் லவுத்தோக்காவிலிருந்த, ஒப்பந்தக் கூலி முறையைக் குறிக்கும் ‘கிர்மிட்’ என்னும் பெயர்கொண்ட நிலையத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தார்கள். பாட்டன்மாரின் ஒப்பந்தக் கூலி வாழ்வின் ஞாபகார்த்தமாக எழுந்த கட்டடத்தில் பேரப்பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்க நேர்ந்தது.

இவ்வாறு நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட விவசாயி ஒருவர், செல்வமோ பதவியோ இல்லாதவர், லவுத்தோக்கா நீதிமன்றத்துக்குப் போய், என் நாட்டின் அரசியல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று அறிவியுங்கள் எனக் கேட்டார். 2000 நவம்பரில் நீதிபதி ஆண்டனி கேட்ஸ் அவ்வாறே தீர்ப்பளித்தார். ராணுவத்தின் ஆதரவோடு அமைந்த இடைக்கால அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாப்புவா நியூகினி முதலிய நாடுகளின் நீதிபதிகள் அமர்ந்த மேல்முறையீட்டு மன்றம், 2001 மார்ச் முதல் நாள், 1997-ஆம் ஆண்டு அரசியல் சட்டமே ஃபிஜியின் பரமோன்னதச் சட்டம் என்று உறுதி செய்தது. அரசியல் சட்டத்தை ரத்து செய்தோம் என்று அறிவித்த பின்னர் அமர்த்தப்பட்ட ஓர் அரசாங்கம் அத்தீர்ப்புக்குப் பணிந்து, அச்சட்டத்தின்கீழேயே அவ்வாண்டு பொதுத் தேர்தல் நடத்தியது. அந்நியத் தலையீடு என்பதற்கு மிக உயர்ந்த வடிவம் ஒன்று உண்டென்றால், அது இதுவே: அந்நாட்டின் சொந்தச் சட்டத்தைக் கையிலேந்தி, அந்நாட்டு விவசாயியின் விண்ணப்பத்தைக் கேட்டு, அயல்நாட்டு நீதிபதிகள் நியாயம் சொன்னார்கள்.

சட்டம் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். 2006 டிசம்பரில் தளபதி பைனிமராமா மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார். 2009 ஏப்ரல் 9-ஆம் நாள் அது சட்டவிரோதமென்று மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்த மறுநாளே, அரசியல் சட்டம் ரத்தாயிற்று. நீதிபதிகள் அனைவரும் பதவி நீக்கப்பட்டார்கள். கரும்பு வயலின் மறுப்பும், துறைமுகத்தின் மறுப்பும், நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஒவ்வொன்றாகத் தோற்கக்கூடும். அவை தோற்ற ஒவ்வொரு முறையும், பக்கத்து வீட்டுக்காரன் அதைத் தனக்கு நேர்ந்த நஷ்டமாகக் கருதவில்லை என்பதே தோல்வியின் மூல காரணம். தவுக்கேய் குடியானவன் ஒருவன், பறிபோனது இந்தியனுடைய பதவி மாத்திரமே என்று நினைத்தவரை ரபூக்காவுக்கு வெற்றி நிச்சயமாயிருந்தது. தன் வாக்கும் அதே நாளில் பறிபோயிற்று என்பதை அவனும் உணரத் தொடங்கியபோதுதான் அந்த வெற்றி கரையலாயிற்று.

2023-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், தேர்தல் மூலம் பிரதம மந்திரியாகியிருந்த அதே சிதிவேனி ரபூக்கா, கிர்மிட் மக்களின் சந்ததியார் முன்னிலையில், தாம் 1987-இல் இழைத்த தீங்குக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மறுநாள், ஃபிஜியின் சரித்திரத்தில் முதன்முறையாக, கிர்மிட் தினம் தேசிய விடுமுறையாக அனுஷ்டிக்கப்பட்டது. 36 ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு, போனவர்களைத் திருப்பிக் கொண்டுவராது. இழந்த நிலத்தையும் மீட்டுத் தராது. இருப்பினும், செய்தது அநியாயம் என்று அதைச் செய்தவரே சொல்ல நேர்ந்ததற்கு, அதை நியாயமென்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஜனங்களின் உறுதியே ஆதாரம். அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மன்னிப்புக்கே அவசியம் ஏற்பட்டிராது.

அன்பர்களே! மாதுங்காவிலும் தாராவியிலும் இந்தச் செம்பூரிலும் வாழும் நாமும், பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்களின் சந்ததியே. தேசப் பிரிவினைக்குப் பின் சிந்து தேசத்து அகதிகளுக்கு இடம் தந்த ஊர் இது. 1960-களின் பிற்பகுதியில் மண்ணின் மைந்தர் என்ற கோஷம் இந்நகரத்தில் எழுந்தபோது, தென்னாட்டார் கடைகளின்மேல் கல் விழுந்ததைக் கண்ட பெரியோர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். பயம் எவ்வாறு விதைக்கப்படுகிறது, அதை யார் அறுவடை செய்கிறார்கள் என்பது நமக்குப் புத்தக ஞானமாக மட்டும் தெரிந்த விஷயமன்று. ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு காரியங்கள். உலகின் எந்த மூலையிலேனும் ஜனங்களின் ஆட்சி துப்பாக்கியால் பறிக்கப்பட்டால், அங்கே தமிழர் இருக்கிறார்களா என்று முதலில் கேட்காதீர்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளி ஃபிஜியைப்பற்றி அவ்விதம் கேட்கவில்லை. பறித்தவர்களோடு நம் அரசாங்கமும், நம் வியாபாரிகளும், நாம் முதலீடு செய்யும் கம்பெனிகளும் என்ன கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வாக்குரிமை ஒன்றே உங்களுக்குப் போதும். இரண்டாவதாக, இந்நகரத்தில் நமக்குப் பின் பிழைக்க வரும் ஏழை எந்த மாகாணத்தவனாயினும், எந்த மதத்தவனாயினும், அவனை அந்நியன் என்று சொல்லும் வாய்க்கு நம் வாயைக் கடன் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரனுடைய உரிமையைத் தன் உரிமையாக எண்ணும் பழக்கம் சாதாரண நாட்களில் ஏற்பட்டிருந்தால் ஒழிய, ஆபத்து நாளில் அது திடீரென்று தோன்றிவிடாது. ஃபிஜி மக்கள் மிகுந்த விலை கொடுத்து வாங்கிய பாடம் இது. விலை கொடுக்காமலே அதைக் கற்றுக்கொள்ளும் பாக்கியம் நமக்கு இன்னும் இருக்கிறது.